சராசரிக்குப் பின்னால் இருக்கும் பிள்ளைகள்: மாறுபாட்டுப் பகுப்பாய்வின் அனுமானங்களைச் சரிபார்த்தல்

"எஃப் மதிப்பு 1.19. இது அட்டவணை மதிப்பான 3.47 ஐ விடக் குறைவு. எனவே மூன்று கற்பித்தல் முறைகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை." செயல் ஆராய்ச்சி அறிக்கைகள் பல இப்படி ஒரு வரியோடு முடிந்துவிடுகின்றன. ஆசிரியர்கள் எழுதும் இத்தகைய அறிக்கைகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் பணி எனக்குச் சில ஆண்டுகளாக உண்டு. இந்த வரியைக் கண்டதும் நான் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டி, மாணவர்களின் மதிப்பெண் பட்டியலைத் தேடுவேன். பெரும்பாலும் பட்டியல் இருக்காது. சராசரிகள் மட்டும் இருக்கும்.

பட்டியலைத் தேடுவதற்குக் காரணம் உண்டு. மாறுபாட்டுப் பகுப்பாய்வு சில அனுமானங்களின் மேல் நிற்கிறது. அவை பொருந்துகின்றனவா என்பதைச் சராசரிகளைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு பிள்ளையின் மதிப்பெண்ணையும் பார்த்தாக வேண்டும். அப்படிப் பார்ப்பது கணக்கைச் சரிசெய்வதற்கு மட்டுமன்று, வகுப்பறையில் உண்மையில் என்ன நடந்தது என்பதை அறிவதற்கும் அதுவே வழி. ஓர் எடுத்துக்காட்டின் மூலம் இதைப் படிப்படியாகக் காண்போம்.

கணக்கின் உட்கரு

மூன்று குழுக்களை ஒப்பிட, இரண்டிரண்டாக எடுத்து டி சோதனையை மூன்று முறை செய்தால் என்ன என்று பயிற்சிகளில் கேட்பதுண்டு. ஒவ்வொரு சோதனையிலும், இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு 5 சதவீதம். சோதனைகள் கூடக்கூட அந்த வாய்ப்பும் கூடும். மாறுபாட்டுப் பகுப்பாய்வு எல்லாக் குழுக்களையும் ஒரே சோதனையில் ஒப்பிடுகிறது.

எஃப் விகிதத்தின் தொகுதியில், குழுச் சராசரிகள் ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு விலகி நிற்கின்றன என்பது இருக்கும். பகுதியில், ஒரே முறையில் கற்ற பிள்ளைகளுக்குள் மதிப்பெண்கள் எவ்வளவு சிதறியுள்ளன என்பது இருக்கும். முறைகளால் வந்த வேறுபாடு, பிள்ளைக்குப் பிள்ளை இயல்பாக இருக்கும் வேறுபாட்டைவிடப் பெரிதா என்பதே கேள்வி.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பகுதியில் வருவது ஒரே ஓர் எண். எல்லாக் குழுக்களின் சிதறலையும் ஒன்றாகக் கலந்து அந்த எண்ணைப் பெறுகிறோம். சிதறல் எல்லாக் குழுக்களிலும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருந்தால்தான் இந்தக் கலவைக்குப் பொருள் உண்டு.

இம்முறை வயலில் பிறந்தது. 1919 இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியில் சேர்ந்த ரொனால்டு ஃபிஷர், பயிர் விளைச்சல் கணக்குகளுக்காக இதை உருவாக்கினார். உருளைக்கிழங்கு ரகங்களையும் உரங்களையும் பற்றிய ஆய்வை 1923 இல் வெளியிட்டார். 1925 இல் வந்த அவருடைய நூல் இம்முறையை உலகெங்கும் கொண்டு சென்றது. அவரைச் சிறப்பிக்கும் வகையில், அவர் பெயரின் முதலெழுத்தை இந்த விகிதத்துக்கு இட்டவர் அமெரிக்கரான ஸ்னெடெகர். 1940 இல் அயோவா பல்கலைக்கழகத்தின் லிண்ட்குவிஸ்ட் எழுதிய நூல் இம்முறைகளைக் கல்வி ஆராய்ச்சிக்குக் கொண்டுவந்தது. வயலுக்கான கணக்கு வகுப்பறைக்கு வரும்போது, வயலில் அது கேட்ட நிபந்தனைகளை இங்கும் கேட்கும்.

ஓர் எடுத்துக்காட்டு

ஏழாம் வகுப்பில் பின்னங்களின் கூட்டல் பாடம் என்று கொள்வோம். 24 மாணவர்களைக் குலுக்கல் சீட்டு மூலம் எட்டு எட்டுப் பேராக மூன்று குழுக்களாகப் பிரிக்கிறோம். குழு அ கரும்பலகை விளக்கத்தின் மூலமும், குழு ஆ காகித மடிப்புச் செயல்பாட்டின் மூலமும் கற்கின்றன. குழு இ உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் தனித்தனிக் கணினிகளில் காணொளி பார்த்துக் கற்கிறது. பிறகு 25 மதிப்பெண்ணுக்கு ஒரே வினாத்தாள். கீழே உள்ளவை விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட எண்கள்.

குழு அ: 10, 11, 12, 12, 13, 13, 14, 15
குழு ஆ: 12, 14, 15, 15, 16, 16, 17, 19
குழு இ: 7, 8, 9, 10, 22, 23, 24, 25

சராசரிகள் முறையே 12.5, 15.5, 16. மொத்தச் சராசரி 14.67.

குழுக்களுக்கு இடையேயான வர்க்கங்களின் கூடுதல் 57.33. கட்டின்மைக் கூறுகள் 2; எனவே வர்க்கச் சராசரி 28.67. குழுக்களுக்குள்ளான வர்க்கங்களின் கூடுதல் 18 + 30 + 460 = 508. கட்டின்மைக் கூறுகள் 21. எனவே வர்க்கச் சராசரி 24.19. எஃப் விகிதம் 28.67 ÷ 24.19 = 1.19. 5 சதவீத நிலையில் அட்டவணை மதிப்பு 3.47.

ஆக, "வேறுபாடு இல்லை" என்பது முடிவு. கூட்டல் பெருக்கலில் பிழை ஏதும் இல்லை. ஆனால் மதிப்பெண் பட்டியலை ஒருமுறை கண்ணால் பார்த்தவர் எவரும் இந்த முடிவை ஏற்கமாட்டார். எங்கே தவறியது? அனுமானங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்போம். எதை மீறினால் சேதம் அதிகமோ அதை முதலில் எடுத்துக்கொள்வது நல்லது.

முதலாவது: சார்பின்மை

ஒரு மாணவரின் மதிப்பெண் இன்னொரு மாணவரின் மதிப்பெண்ணைச் சார்ந்திருக்கக் கூடாது. இது ஆய்வைத் திட்டமிடும்போதே உறுதிசெய்ய வேண்டியது. இங்கே தவறினால் பிறகு எந்தச் சூத்திரமும் எளிதில் காப்பாற்றாது.

அடுத்தடுத்த பாத்திகள் ஒரே மண்ணையும் ஒரே நீரையும் பகிர்ந்துகொள்கின்றன. அதனால்தான் எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்ய வேண்டும் என்று ஃபிஷர் வற்புறுத்தினார். ஒரே பிரிவில் படிக்கும் பிள்ளைகளும் அப்படித்தான். ஒரே ஆசிரியர், ஒரே பாடவேளை, ஒரே சூழல். நாம் பெரும்பாலும் செய்வது என்ன? 7 அ பிரிவுக்கு ஒரு முறை, 7 ஆ பிரிவுக்கு இன்னொரு முறை என்று முழுப் பிரிவுகளுக்கே முறைகளை ஒதுக்குகிறோம். அப்போது வேறுபாடு முறையால் வந்ததா, பிரிவால் வந்ததா என்று பிரித்தறிய வழியில்லை.

எண்ணிலும் இதைக் காட்டலாம். ஒரு பிரிவுக்கு 40 பேர் வீதம் மூன்று பிரிவுகள், மொத்தம் 120 பேர் என்க. ஒரே பிரிவினரின் மதிப்பெண்களுக்கு இடையிலான ஒட்டுறவு 0.1 என்ற சிறு அளவில் இருந்தாலும், 1 + (40 − 1) × 0.1 = 4.9 என்ற காரணியால் மாதிரியின் வலு குறைகிறது. 120 ஐ 4.9 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 24. நம் கையில் 120 விடைத்தாள்கள் இருக்கும். அவை தரும் செய்தியோ 24 பேரின் அளவுக்குத்தான்.

இன்னொரு வகை மீறலும் அறிக்கைகளில் வருகிறது. முன்தேர்வு, இடைத்தேர்வு, பின்தேர்வு என ஒரே மாணவர்கள் எழுதிய மூன்று தேர்வுகளை மூன்று தனிக் குழுக்களாகக் கொண்டு கணக்கிடுவது. ஒரே பிள்ளையின் மூன்று மதிப்பெண்கள் சார்பற்றவை ஆகா. இதற்குத் தொடர் அளவீடுகளுக்கான தனிப் பகுப்பாய்வு உண்டு. அதையே பயன்படுத்த வேண்டும்.

நம் எடுத்துக்காட்டில் குலுக்கல் நடந்தது. இந்த அனுமானம் பெருமளவு காக்கப்பட்டது. ஆயினும் அ, ஆ குழுக்கள் ஒவ்வொன்றும் ஒன்றாக அமர்ந்து கற்றவை. இதை அறிக்கையில் வரம்பாகக் குறிப்பிடுவது நேர்மை.

இரண்டாவது: சிதறல் ஒன்றுபோல் இருத்தல்

குழுக்களின் விலக்க வர்க்கச் சராசரிகள் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் நாம் கற்பிக்கும் அதே அளவைதான். அங்கே எண்ணிக்கையால் வகுக்கிறோம், இங்கே மாதிரி என்பதால் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து வகுக்கிறோம்.

குழு அ: விலக்க வர்க்கச் சராசரி 2.57, திட்ட விலக்கம் 1.60
குழு ஆ: விலக்க வர்க்கச் சராசரி 4.29, திட்ட விலக்கம் 2.07
குழு இ: விலக்க வர்க்கச் சராசரி 65.71, திட்ட விலக்கம் 8.11

மிகப்பெரிய திட்ட விலக்கம் மிகச்சிறியதைப்போல் இரு மடங்குக்குள் இருந்தால் பெரிதும் கவலை வேண்டாம் என்பது நடைமுறை விதி. இங்கே ஐந்து மடங்கு. பகுதியில் வந்த 508 இல் 460 குழு இ தந்தது. அ, ஆ குழுக்களுக்கு இடையே இருந்த 3 மதிப்பெண் வேறுபாட்டை, தொடர்பே இல்லாத குழு இ யின் சிதறல் மூடி மறைத்துவிட்டது.

இதை முறைப்படி சோதிக்க லெவீன் 1960 இல் தந்த வழி எளிது. அதைச் செய்யத் தனி மென்பொருளும் வேண்டியதில்லை. ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் அதன் குழுச் சராசரிக்கும் உள்ள வேறுபாட்டைக் குறியை நீக்கி எழுதுங்கள். அந்தப் புதிய எண்களுக்கு மாறுபாட்டுப் பகுப்பாய்வு செய்யுங்கள். எக்செல்லில் ஒரு கூடுதல் நிரல் போதும். நம் எண்களில் இந்த விலகல்களின் சராசரிகள் 1.25, 1.5, 7.5. எஃப் மதிப்பு 76.5. அட்டவணை மதிப்பு அதே 3.47. சிதறல்கள் சமம் என்ற பேச்சுக்கே இடமில்லை. சராசரிக்குப் பதில் இடைநிலை அளவை வைத்துக் கணக்கிடுவது, ஒருபுறம் சாய்ந்த மதிப்பெண்களுக்கு இன்னும் பாதுகாப்பானது.

குழுக்களின் எண்ணிக்கை சமமாக இல்லாவிட்டால் இந்த மீறல் மேலும் ஆபத்தானது. சிறிய குழுவில் சிதறல் அதிகம் என்றால், இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு கூடும். பெரிய குழுவில் சிதறல் அதிகம் என்றால், இருக்கும் வேறுபாடு தப்பிப்போகும்.

மூன்றாவது: இயல்நிலைப் பரவல்

நம்மவர்கள் அதிகம் அஞ்சுவது இதற்கு. ஆனால் மூன்றில் சேதம் குறைவானதும் இதுதான். குழுக்கள் ஓரளவு பெரியதாகவும் எண்ணிக்கையில் சமமாகவும் இருந்தால், இயல்நிலையிலிருந்து சிறிது விலகுவதை எஃப் சோதனை தாங்கிக்கொள்ளும்.

எதைச் சோதிப்பது என்பதில்தான் குழப்பம். மூன்று குழுக்களின் மதிப்பெண்களையும் ஒன்றாகக் கொட்டி வரைபடம் போட்டு, "மணி வடிவம் வரவில்லை" என்று கவலைப்படுவோர் உண்டு. முறைகள் உண்மையிலேயே வேறுபட்டால், ஒன்றாகக் கொட்டிய மதிப்பெண்களில் இரண்டு மூன்று மேடுகள் தோன்றுவது இயல்பு. பார்க்க வேண்டியவை எச்சங்கள். அதாவது, மதிப்பெண்ணிலிருந்து அதன் குழுச் சராசரியைக் கழித்தபின் மிஞ்சுபவை.

1965 முதல் புழக்கத்தில் உள்ள ஷாப்பிரோ–வில்க் சோதனையை மென்பொருள்கள் தருகின்றன. அதை மட்டும் நம்ப வேண்டாம். எட்டுப் பேர் உள்ள குழுவில் பெரிய கோணலும் அதன் கண்ணுக்குத் தப்பலாம். 500 பேர் உள்ள மாதிரியில் பொருட்படுத்த வேண்டாத கோணலையும் அது பெரிதாகக் காட்டும். புள்ளி வரைபடம் இதைவிட நல்ல வழிகாட்டி. வினாத்தாள் மிக எளிதாக இருந்து பாதிப் பேர் 24, 25 எடுத்தால் எச்சங்கள் ஒருபுறம் சாயும். அங்கே திருத்த வேண்டியது வினாத்தாள்.

நம் எடுத்துக்காட்டில் அ, ஆ குழுக்களின் எச்சங்கள் பூஜ்யத்தைச் சுற்றி அடர்ந்து, இருபுறமும் சமமாகக் குறைகின்றன. குழு இ யில் −9 முதல் −6 வரை நான்கு, 6 முதல் 9 வரை நான்கு, நடுவில் வெற்றிடம்.

அனுமானம் பொருந்தவில்லை என்றால்

"அனுமானம் பொருந்தவில்லையா, கிரஸ்கல்–வாலிஸ் சோதனைக்குப் போங்கள்" என்பது பலரும் சொல்லும் வழி. 1952 இல் வந்த அந்தத் தரவரிசைச் சோதனை நல்ல கருவிதான். ஆனால் அது எல்லா நோய்க்கும் மருந்தன்று. நம் எண்களுக்கு அதைச் செய்தால் தரவரிசைக் கூடுதல்கள் 75, 124.5, 100.5, சோதனை மதிப்பு சுமார் 3.1, அட்டவணை மதிப்பு 5.99. மீண்டும் "வேறுபாடு இல்லை"! காரணம், குழு இ யின் நால்வர் அடியிலும் நால்வர் உச்சியிலும் நிற்பதால் தரவரிசை நடுவில் சமனாகிவிடுகிறது. இடைநிலைகளை ஒப்பிட அச்சோதனையைப் பயன்படுத்தும்போது, பரவலின் வடிவம் குழுக்களில் ஒத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதற்கும் உண்டு.

சிதறல் சமமில்லாத இடத்துக்கு ஏற்றது வெல்ஷ் 1951 இல் தந்த முறை. சிதறல்களைக் கலக்காமல், சிதறல் குறைந்த குழுவுக்கு அதிக எடை தருகிறது. நம் எண்களுக்கு வெல்ஷ் எஃப் மதிப்பு 5.30, கட்டின்மைக் கூறுகள் 2, 12.4; அட்டவணை மதிப்பு சுமார் 3.9. வேறுபாடு உண்டு என்பது இப்போது தெரிகிறது. எக்செல்லின் பகுப்பாய்வுக் கருவித்தொகுப்பில் இது இல்லை. கட்டணமில்லா மென்பொருளான ஆர், ஒருவழிச் சோதனைக்கு இதையே இயல்பாகச் செய்கிறது. லெவீன் சோதனையின் முடிவுக்குக் காத்திராமல், தொடக்கத்திலிருந்தே வெல்ஷ் முறையைத் தேர்ந்துகொள்வதும் ஏற்புடையது.

எந்தக் குழுக்களுக்கு இடையே வேறுபாடு என்பதற்கு இரட்டை ஒப்பீடு தேவை. அ, ஆ குழுக்களை மட்டும் ஒப்பிட்டால் டி மதிப்பு 3.24. மூன்று ஒப்பீடுகளுக்கான திருத்தம் செய்த பிறகும் இது 5 சதவீத நிலையில் நிற்கிறது. காகித மடிப்பு, கரும்பலகை விளக்கத்தைவிடச் சராசரியாக 3 மதிப்பெண் கூடுதலாகத் தந்துள்ளது.

குழு இ யைப் பற்றி என்ன சொல்வது? அதன் சராசரி 16, மூன்றிலும் அதிகம். ஆனால் அக்குழுவில் 16 எடுத்தவர் ஒருவரும் இல்லை. 11 முதல் 21 வரைகூட எவரும் இல்லை. இங்கே எந்தச் சோதனையைப் பயன்படுத்துவது என்பதைவிட முக்கியமான கேள்வி, அந்த நான்கு பிள்ளைகள் ஏன் 7, 8, 9, 10 இல் நின்றார்கள் என்பதுதான். மீச்சிறு பொது மடங்கு தெரிந்தவர்கள் காணொளியின் வேகத்துக்கு ஈடுகொடுத்திருக்கலாம். தெரியாதவர்கள் முதல் நிமிடத்திலேயே பின்தங்கியிருக்கலாம். முன்தேர்வு விடைத்தாளைப் பார்த்தால் தெரிந்துவிடும். சராசரியை மட்டும் பார்த்து "காணொளி முறையே சிறந்தது" என்று எல்லாப் பிரிவுகளுக்கும் கொண்டு சென்றால், இந்த நால்வரைப் போன்றவர்கள் ஒவ்வொரு பிரிவிலும் விடுபடுவார்கள். "வேறுபாடு இல்லை" என்று எழுதினாலோ, காகித மடிப்பால் கிடைத்த பயன் கோப்போடு முடங்கும். அனுமானத்தைச் சரிபார்த்தவர் இரண்டு தவறுகளிலிருந்தும் தப்புகிறார்.

செய்து பார்க்க

குழு இ யின் மதிப்பெண்களை 13, 14, 15, 16, 16, 17, 18, 19 என்று மாற்றுங்கள். சராசரி அதே 16. இப்போது குழுக்களுக்குள்ளான கூடுதல் 76 ஆகக் குறையும். எஃப் விகிதம் 7.92 ஆக உயரும். லெவீன் சோதனையின் எஃப் மதிப்பு சுமார் 0.13. மூன்று சராசரிகளும் மாறவில்லை; முடிவு தலைகீழாக மாறிவிட்டது. சராசரிகளை மட்டும் அச்சிடும் அறிக்கை ஏன் போதாது என்பதற்கு இதைவிட எளிய சான்று இல்லை. குறுவள மையக் கூட்டத்தில் கணித ஆசிரியர்கள் சேர்ந்து அரை மணி நேரத்தில் இதைச் செய்துவிடலாம்.

அறிக்கையில் இடம்பெற வேண்டியவை

1. மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்த விதம்: குலுக்கலா, முழுப் பிரிவா என்பது தெளிவாக இருக்கட்டும்.
2. ஒவ்வொரு குழுவின் எண்ணிக்கை, சராசரி, திட்ட விலக்கம் மூன்றும் சேர்ந்தே வரட்டும்.
3. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு புள்ளி வீதம் குழுவாரியான வரைபடம். கட்டம் போட்ட தாளில் கையால் வரைந்தாலும் போதும்.
4. சிதறலுக்கும் எச்சங்களுக்கும் செய்த சோதனை, அதன் முடிவு, அதனால் தேர்ந்த பகுப்பாய்வு முறை.
5. பெயர்களை நீக்கிய மதிப்பெண் பட்டியல் பின்னிணைப்பாக.

இந்த ஐந்தில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் மூன்றாவதைச் செய்யுங்கள். எஃப் மதிப்பைக் கணக்கிடும் முன்பே வரைபடத்தை வரைந்துவிடுங்கள். வகுப்பு இரண்டாகப் பிரிந்து நின்றால், அது எந்தச் சோதனைக்கும் முன்பாக உங்கள் கண்ணில் படும். அடுத்த நாள் காலை எந்தப் பிள்ளைகளின் அருகில் முதலில் போய் உட்கார வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.